வேறு ஈத்து

எவரிஸ்தோ திரும்பி வந்தபோது
துப்பாக்கியைக் கதவுக்கு வெளியிலேயே சாத்திவிட்டு வந்தான்.
வழக்கமில்லை.
கோட்டின் இரண்டாவது பொத்தான் திறந்திருந்தது,
உள்ளே ஏதோ மூச்சுவிட்டது.

நெருப்பு நிலம் என்று இந்தத் தீவுக்குப் பெயர்.
ஆகஸ்டில் நம்ப முடியாது.
பதினோரு ஆடுகள் இந்த மாதம் மட்டும்,
தொடை கிழிந்து, தின்னப்படாமலே.
ஊரில் யாரோ என்றோ விரட்டிவிட்ட நாய்களின்
பேரன் பேத்திகள் அவை,
லெங்கா மரங்களுக்குள் குரைக்காமல் நடப்பவை.
"பெட்டை மாட்டியதா?" என்றேன்.
தலையசைத்தான்.
"இது?"
கைகழுவப் போனான்.
தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.
மற்றவை எத்தனை என்று நான் கேட்கவில்லை.

கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் செனிசா,
குட்டி போட்டு ஆறு நாள்.
குட்டி ஐந்து, காம்பு எட்டு.
கணக்கு இடம் கொடுக்கும்.
அவள் கொடுக்க வேண்டுமே.

ஆடென்றால் எனக்குத் தெரியும்.
செத்த குட்டியின் தோலை உரித்து
தாயில்லாத குட்டிக்குச் சட்டையாக மாட்டினால்
ஆடு வால்பக்கம் முகர்ந்து பார்த்து ஏமாறும்,
அல்லது ஏமாந்ததுபோல் இருந்துகொள்ளும்.
இரண்டில் எது என்று
இருபது வருஷமாகப் பிடிபடவில்லை.
செனிசாவுக்கு எதுவும் சாகவில்லை.
போர்த்த ஒரு தோல் இல்லை.

ஒரு கரண்டி பால் அவளிடமே பீய்ச்சிக்கொண்டு
ஓடைவரை நடத்திக் கூட்டிப்போகச் சொன்னேன்.
போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்து.
அதற்குள்
அவள் சாக்கின் மூத்திரம் ஊறிய மூலையால்
அதைத் துடைத்தேன்.
பாலை நெற்றியில், முதுகில், பிட்டத்தில் தடவினேன்.
கண் திறக்காத மஞ்சள் குட்டி.
மற்றவை கறுப்பும் வெள்ளையும்.
நிறத்தை என்ன செய்ய.
நடுவில் செருகினேன்.
குவியல் ஒருமுறை நெளிந்து
ஆறாகி அடங்கியது.

நனைந்த கால்களோடு வந்தாள்.
ஒவ்வொன்றாக முகர்ந்தாள்.
மஞ்சளிடம் நின்றாள்.
மூக்கு அதன் காதுக்குப் பின்னால்,
நான் தடவ மறந்த இடத்தில்.
அங்கே என்ன இருந்ததோ,
வேறொரு மடியின் வாடையோ,
மருந்து வெடித்த வாடையோ.
அடித்தொண்டையில் ஓர் உறுமல்.
எவரிஸ்தோ கையை நீட்டினான்.
"பொறு."

பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு
கதவைத் தாண்டி இருட்டுக்குள் போய்விட்டாள்.

"காட்டுக்குட்டியைக் காட்டிலேயே போடப்போகிறாள்" என்றான்,
சொன்ன குரல் அவனுடையதுபோலவே இல்லை.
டார்ச்சில் பேட்டரி செத்திருந்தது.
தேடிக்கொண்டிருக்கும்போதே திரும்பினாள், வெறும் வாயோடு.
உதட்டோரம் ரத்தம் இருக்கிறதா என்று
இருவருமே பார்த்தோம்,
பார்த்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல்.
கறுப்பு வெள்ளை ஒன்றைக் கவ்வினாள். போனாள்.
மறுபடி வந்தாள்.

மூன்றாவது தடவை தீக்குச்சிகளோடு பின்னால் நடந்தோம்.
ஓடாத டிராக்டருக்கு அடியில்,
பனி எட்டாத காய்ந்த புல்லில்
முதலில் கொண்டுவந்தது முதலாவதாகக் கிடந்தது,
மற்ற இரண்டின் கீழே, வாயைத் திறந்து மூடிக்கொண்டு.
எங்கள் கை வாடை இல்லாத இடம்.

எல்லாம் சேர்ந்தபின் படுத்தாள்.
எவரிஸ்தோ குனிந்தான். உறுமினாள்.
இந்தத் தடவை சந்தேகமே இல்லை,
அவனைப் பார்த்துத்தான்.
குச்சி விரலைச் சுடும்வரை
அவன் நிமிரவில்லை.

"வளர்ந்து ஆட்டைக் கடித்தால்?" என்றான், திரும்பும் வழியில்.
"பல்லே முளைக்கவில்லை" என்றேன்.
அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

துப்பாக்கியை உள்ளே எடுத்துவந்து மாட்டினான்.
நான் செனிசாவின் ஓட்ஸ் கஞ்சிக்கு
நாளைக்கு இன்னொரு கைப்பிடி என்று
மாவுப்பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
போதும்போல் இருந்தது.