நிலவறைக் கணக்கு

மாதுமைக்கு ஒன்பது வயது.
நடக்கப் பழகிய ஆண்டே
மே தின ஊர்வலத்தில் தோளில் ஏற்றினோம்.
மழைக்கோட்டு, சிவப்பு ரிப்பன்,
கையில் தின்று முடியாத டோனட்.
இவர் பிடித்திருந்த அட்டையில்
என் கையெழுத்தில் பெரிதாக:
வாடகையைக் குறை.

துவக்குப் பொம்மை வாங்கவில்லை.
இளவரசிக் கதையை இடையில் நிறுத்தி
அரண்மனையைக் கூட்டுவது யார் என்று கேட்பேன்.
பாவம், பிள்ளைக்கு நித்திரை வந்திருக்கும்.

சாப்பாட்டு மேசையில் பாடம் நடக்கும்.
ஒரு முட்டை.
பண்ணையில் பொறுக்கியவருக்கு எவ்வளவு,
லொறி ஓட்டியவருக்கு எவ்வளவு,
சும்மா இருந்தவருக்கு எவ்வளவு?
முட்டை ஆறிவிடும், இவர் விடமாட்டார்.
சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர்
அவளுக்கு முன்னால்தான் பேச்சாளர்.

மளிகைக்கடை ஊழியர் வேலைநிறுத்தம் செய்த மாசியில்
அந்த வாசலை நாங்கள் மிதிக்கவில்லை.
பால் வாங்க இரண்டு பஸ் மாறினோம்,
மூக்கு நுனி மரத்துப்போனது.
"ஏன் எண்டு தெரியுமா?"
"அவையின்ர கோட்டைத் தாண்டக் கூடாது."
நான் நல்ல தாய் என்று
அன்று எனக்கு ஒரு நினைப்பு.

புரட்டாதியில் வங்கிக் கடிதம் வந்தது.
வீட்டுக் கடனுக்கு வட்டி இரண்டு மடங்கு.

எங்கள் ஸ்காபரோ வீட்டின் நிலவறையில் ஹர்லீன்,
லூதியானாவிலிருந்து வந்த பெண்.
பகலில் கல்லூரி, இரவில் பொதி கட்டும் கிடங்கு.
அவளுக்கு ஒரேயொரு யன்னல்,
எங்கள் புல்தரையின் மட்டத்தில்.

அடுப்படியில் குரலைத் தாழ்த்திக் கணக்குப் பார்த்தோம்.
மாதம் நூற்றைம்பது கூட்டினால் சரிவரும்.
அன்புள்ள ஹர்லீன் என்று தொடங்கி ஐந்து வரி.
வருந்துகிறோம் இரண்டு தரம் வந்தது,
ஒன்றை வெட்டினேன்.

படியில் இருந்து கேட்டிருக்கிறாள்.
"அம்மா, முட்டைக் கதையில நாங்கள் ஆர்?"

வங்கியைச் சொன்னேன். வட்டியைச் சொன்னேன்.
எல்லாம் இந்த அமைப்பு என்றேன்.
வடிவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்,
கேள்வியைத் திருப்பி எடுக்கவில்லை.
இவர் எழும்பித் தண்ணீர் குடித்தார்,
தாகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிய ஆறு மணி.
இரவு வேலை முடிந்த ஹர்லீன் கதவைத் தட்டினாள்,
கிடங்கின் ஆரஞ்சு அங்கியைக் கூடக் கழற்றவில்லை.
கையில் எங்கள் பழைய அட்டை,
மூலைகளில் புதிதாக ஒட்டுநாடா.
அவளுடைய கதவில் ஒட்டப்பட்டிருந்ததாம்.
எழுத்து விளங்கவில்லையாம்.
"என்னைப் போகச் சொல்கிறீர்களா?
பரீட்சை முடியும்வரை மட்டும் இருக்கலாமா?
வேண்டுமானால் கூட்டித் தருகிறேன்."

வாசித்துக் காட்டவேண்டியிருந்தது.
ஆங்கிலத்தில் மூன்றே சொல்.
எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
கேட்டும் கை நடுக்கம் நிற்கவில்லை.
"நான் சின்னப் பிள்ளையிடம் எதுவும் சொல்லவில்லை அன்ரி,
சத்தியமாகச் சொல்லவில்லை."

நூற்றைம்பதை ஐம்பது ஆக்கினோம்.
இவர் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார்.
இதை நீதி என்று எழுதமாட்டேன்.
பேரம்.

மாதுமை இப்போது பின்னேரங்களில் கீழே போகிறாள்.
"அக்கா ஏன் பயந்தவா?" என்று ஒரு தரம் கேட்டாள்.
பிறகு அவளாகவே,
"கீழயிருந்து பாத்தா உங்களுக்கு முகமில்லை அம்மா.
சப்பாத்து மட்டும்தான்."

நேற்று இலை கூட்டும்போது
புல்லில் முழங்கால் ஊன்றிக் குனிந்தேன்.
கண்ணாடியில் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது.
உள்ளே இரண்டு பேரும்
ஒரே கிண்ணத்தில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
ஹர்லீன் சட்டென்று எழுந்து நின்றாள்.
மாதுமை அவள் கையைப் பிடித்து
இருத்தினாள்.