வண்டி ஓட்டக் கூடாத நான்கு மணி நேரம்

பெனி அபெஸ் மணலில் பிடிபடும் எலிகளை
ஓரான் வரை, தொள்ளாயிரம் கிலோமீட்டர்,
ஏற்றிவருவது புஜெமாவின் வேலை.
பதினொரு கூண்டு, ஒரு ஈரச் சாக்கு,
சாக்குக்குள் உமரி.
வெயில் ஏற ஏற வண்டியை நிறுத்தி
கூண்டுகளின் மேல் தண்ணீர் தெளிப்பான்.
தனக்குத் தேநீர், சர்க்கரைக் கட்டி நான்கு,
முன்கண்ணாடியோரம் சாய்த்துவைத்த நீள ரொட்டி.
பாதி வழியில் ரொட்டி தீர்ந்து
இன்னொன்று வாங்குவான்.

எலி உமரியை அப்படியே விழுங்குவதில்லை.
இலையை இரு கையால் பிடித்து
பல்லால் மேல்தோலைச் சீவும்.
உப்பு உதிர்ந்த பிறகுதான் வாய்க்குள்.
பாலையில் அதற்கு ஒரு நோயும் இல்லை.
ஆய்வுக்கூடத்தில்
மற்ற எலிகள் தின்னும் சாதாரணத் தீனி,
தானியம் அரைத்துப் பிடித்த பழுப்புக் கட்டி,
அதை வயிறார வைத்தால் போதும்.
சில வாரத்தில் உடல் தடிக்கும்,
இரத்தம் இனிக்கும்,
சில மாதத்தில் கண்மணி வெளுக்கும்.
விஷம் எதுவும் வைக்கவில்லை
என்று தாவூஸ் குறிப்பேட்டில் எழுதி
அடியில் கோடு இழுத்திருக்கிறாள்.

பகலில் விழித்துத் திரியும் எலி இது.
இருட்டில் ஓடும் எலிகளைவிட
இதன் விழித்திரை நம்முடையதற்குக் கொஞ்சம் கிட்ட.
அதனால்தான் இவ்வளவு டீசல்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து
பழைய கண் கேமரா ஒன்று வந்திருந்தது.
மனிதர்களுக்கானது, தானமாகக் கிடைத்தது,
ஒரு திருகு காணோம்.
வெளிச்சம் சரியாக விழுகிறதா பார்க்க
யாராவது ஒருவருடைய கண் வேண்டும்.
“என்னுடையது இருக்கிறதே” என்றான் புஜெமா
தொப்பியைக் கழற்றிக்கொண்டே,
ஸ்பானர் கேட்டதைப் போல.

சொட்டு மருந்து. இருபது நிமிடம்.
மோவாயை இதில் வை, நெற்றியை முட்டு,
பச்சைப் புள்ளியைப் பார்.
பளீர்.

திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நிலம்.
தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை இடுக்கி,
“ஸவ்ரா ஆறு” என்றான்.
“இது கிளை பிரியும் இடம். இங்கே பாலம்.
இந்தச் சிவப்புப் புள்ளி எந்த ஊர்?”

தாவூஸ் எண்ணிக்கொண்டிருந்தாள்.
வலக்கண்ணில் ஏழு.
இடக்கண்ணில் நான்கு, மஞ்சளாய்க் கசிந்தது ஒன்று,
நடுவிலிருந்து தள்ளித்தான், இன்னும்.
இருநூறு எலிகளுக்கும் சொல்ல நேராத வாக்கியம்.
கபைலில் ஒரு பாதி வந்தது,
அரபியில் வேறு பாதி,
இரண்டும் ஒட்டவில்லை.

“வலிக்கவே இல்லையே.”
“வலிக்காது.”
“ராத்திரி ரோட்டில் ஒட்டகம் நின்றால்
அரை கிலோமீட்டருக்கு முன்பே எனக்குத் தெரிகிறது.”
“தெரியும். இப்போது தெரியும்.”

மருந்து இறங்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது,
நான்கு மணி நேரம்.
முற்றத்தில் போய் உட்கார்ந்தான்.
வெயில் சுண்ணாம்பாய் முகத்தில் அடித்தது.
தன் கைரேகையே தனக்குக் குழம்பியது.
காவலாளி தேநீர் கொண்டுவந்து வைத்தான்,
வழக்கம்போல் நான்கு கட்டி.
புஜெமா தொடவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
ஒரு ஈ கண்ணாடிக் குவளையின் விளிம்பைச் சுற்றியது.

உள்ளே, சர்க்கரை ஏறிய எலிகளில் ஐந்தை
மறுபடி உமரிக்கு மாற்றியிருந்தார்கள்.
நான்குக்கு இறங்கியிருந்தது.
பதினாறாம் எண்ணுக்கு இறங்கவில்லை.
ஏனென்று தாவூஸுக்குத் தெரியாது.
கேள்விக்குறி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது
ஜன்னல் வழியே அவனைக் கண்டாள்.

சாக்கின் வாயைத் தடவித் தடவி அவிழ்த்து
ஒரு இலையைக் கிள்ளினான்,
நகத்தால் மேல்தோலைச் சீவி
வாயில் போட்டான்.
துப்பினான்.
இன்னொன்று எடுத்து, இன்னும் ஆழமாகச் சீவினான்.
அதுவும் கரித்தது.

“தாவூஸ் அம்மா!” என்று கத்தினான்,
அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாமல்
சுவரைப் பார்த்து.
“அடுத்த நடை என் மனைவியையும் ஏற்றிவரட்டுமா?
அவள் ஐந்து கட்டி போடுவாள்.”