எட்டரை மணிக் கட்டம்

மார்கழி, கொம்பனித்தெரு, நாலாம் மாடி.
வெள்ளைப் பலகையில் ஏழு நிரல், ஒன்பது நிரை.
தையிலிருந்து ஆனி வரைக்கும்
நாட்டின் மாலைப்பொழுதை
இந்த அறுபத்து மூன்று கட்டங்களுக்குள்
அடைக்க வேண்டும்.

நாடென்றால் நாடல்ல.
மீட்டர் பூட்டிய சில நூறு வீடு.
அதில் தமிழ் பேசுவது எத்தனை என்று கேட்டால்
கணக்குப் பார்க்கும் ரிஸ்மி
சிரித்துக்கொண்டே தேத்தண்ணி எடுக்கப் போய்விடுவார்.

மஞ்சள் தாள், மொழிமாற்றுத் தொடர்.
மும்பையில் அழுதது, சென்னையில் குரல் வாங்கியது,
புறக்கோட்டைத் துணிபோல மொத்த விலைக்கு எங்களிடம்.
பச்சைத் தாள் செய்தி. அது அசையாது.
எட்டு மணியென்றால் எட்டு மணி,
ஆட்சி கவிழ்ந்தாலும் எட்டு மணி.
நீலம், நாங்களே எடுத்தது.
நீலத் தாள் ஒன்றே ஒன்றுதான்.

மட்டக்குளியில் புறப்படும் தனியார் பஸ்,
அதில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண்,
இருபத்தாறு அத்தியாயம்.
மழைக்குக் காசில்லாமல் ஜெனோவா
உண்மையான மழைக்காகப் பதினேழு நாள் காத்திருந்தாள்.

"பால்மாக்காரன் எட்டரைக்குத்தான் காசு வைப்பான்.
மாமியார் இருந்தால்தான் வைப்பான்.
உங்கட பஸ்ஸில மாமியார் ஏறுவாவா?"
கேட்டது யோகராணி, விற்பனைப் பிரிவு.

நான் நீலத்தை நகர்த்தினேன்.
ஏழுக்கு வைத்தால் வெள்ளவத்தை இன்னும் பஸ்ஸில்.
ஏழரைக்கு டியூஷன்.
ஒன்பதுக்கு எதிர்ச் சேனலில் பாட்டுப் போட்டி,
தண்டவாளத்தில் படுப்பதும் அதுவும் ஒன்று.
சித்திரையில் நோன்பும் வருஷப்பிறப்பும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.
கிரிக்கெட் மழையோடு வந்தால்
அந்தக் கிழமையே இல்லை.

பிறகு டொலர் தீர்ந்தது.
வங்கி கையை விரித்தது, மும்பை நாடாக்களை நிறுத்தியது,
மஞ்சள் தாள்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
எட்டரைக்கு வேறு எதுவும் இல்லாததால்
பஸ் வந்து நின்றது.

பதினோர் அத்தியாயம் ஓடியது.
பால்மாக்காரன்கூட வந்தான்.

மாசிக் கடைசியில் இன்னோர் அட்டவணை,
மின்சார சபையிலிருந்து.
அதிலும் கட்டங்கள். அதிலும் நிரல், நிரை.
ஏ வலயம், பி வலயம், எட்டிலிருந்து பத்து.
யாரோ ஒருவர் இன்னொரு மாடியில்
பென்சிலைக் கடித்தபடி
ஆசுப்பத்திரியைத் தவிர்த்து, துறைமுகத்தைத் தவிர்த்து,
என்னுடைய மாலைகளையே
இருட்டால் நிரப்பியிருக்கிறார்.
அவரை ஒருமுறை பார்க்க வேண்டும்.
அவருக்கு விளம்பரதாரர் இல்லை,
மற்றபடி ஒரே வேலை.

இருட்டில் மீட்டர் பூச்சியம் எழுதும்.
பிடிக்கவில்லை, பூச்சியம்.
கரண்ட் இல்லை, அதுவும் பூச்சியம்.
திங்கள் கூட்டத்தில் இரண்டையும்
ஒரே சிவப்பில் அச்சடித்துத் தந்தார்கள்.
பஸ்ஸை எட்டரையிலிருந்து இறக்கச் சொன்னார்கள்.

ஜெனோவா தொலைபேசியில் கத்தவில்லை.
"மட்டக்குளிக்கு எத்தனை மணிக்கு லைட் வரும்?
நடிச்ச ஆக்கள் அங்கதான் இருக்கினம்" என்றாள்.

ஜன்னல் கண்ணாடியில்
இரண்டு அட்டவணையையும் ஒன்றன்மேல் ஒன்று பிடித்தேன்.
வெயில் ஊடுருவிய இடத்தில் பத்தேகால்.
"ஏன் பத்தேகால்?" என்று கேட்டார்கள்.
"மிச்சக் கட்டம் அதுதான்" என்றேன்.

அன்றிரவு கடைசிப் பெற்றோலில்
ரிஸ்மியின் மோட்டார் சைக்கிள் பின்னால் போனேன்.
தொடர்மாடிக்கு எதிரே, மூடிய பேக்கரி வாசலில் நின்றோம்.
பத்து மணிக்கு வர வேண்டிய வெளிச்சம்
பத்து பன்னிரண்டுக்கு வந்தது.
எங்கோ ஒரு மிக்சி அலறியது. யாரோ கூவினார்கள்.

பத்தேகாலுக்குச் சில ஜன்னல்கள்
ஒரே கணத்தில் சிவந்தன, பஸ்ஸின் சிவப்பு.
ஒரே கணத்தில் மழை நிறமாயின.
ரிஸ்மி எண்ணினார். பத்தொன்பது.
நான் எண்ணியதில் பதினெட்டு.
"மீட்டர் வீடு ஒன்றும் இதில இல்லை" என்றார்.

பிறகு எல்லா ஜன்னலும் சேர்ந்து வெளுத்தன:
விளம்பரம்,
எந்தக் கடையிலும் கிடைக்காத பால்மாவுக்கு.