கனடா தெரியும்

ஒப்பந்தத் தாளில் அதற்குப் பெயர் இல்லை.
"மரக் கட்டுமானம், ஒன்று. நீளம் மூவாயிரத்து நூறு அடி.
பத்து வேலை நாள்."
ஆணிகளைத் தனியே பிரிக்கத் தேவையில்லை என்று
அடியில் ஒரு குறிப்பு.

ஊரில் அதற்கு மின்மினி என்று பெயர்.
வளைவுக்கு வளைவு விளக்கு.
ஈரி ஏரியில் மீன்பிடித்துத் திரும்புகிறவர்கள்
அந்த ரோலர் கோஸ்டரை வைத்துத்தான் கரை சேர்வார்கள்,
கலங்கரை விளக்கத்தை யார் பார்த்தார்கள்.

நான் ஏறியதில்லை.
எட்டு வயதில், வாசலில் நின்ற மரக்கோமாளியின்
நீட்டிய கைக்கு இரண்டு விரற்கடை கீழே என் தலை.
பத்து வயதில் கையைத் தாண்டிவிட்டேன்.
அதற்குள் பயமும் வளர்ந்துவிட்டது,
என்னைவிட வேகமாக.
வரிசையில் நிற்பேன். என் முறை வரும்போது
ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும்.

ஒரு கோடையில் வெர்னாவிடம் சொன்னேன்,
பதினோரு முறை ஏறியிருக்கிறேன் என்று.
உச்சியில் ஒரு நொடி நிற்கும், அப்போது
கண்ணைத் திறந்து வைத்திருந்தால்
கனடா தெரியும் என்றேன்.
அவள் உதட்டை மடித்துக்கொண்டு
ஆமாம், தெரியும் என்றாள்.
அப்புறம் மகனிடம் சொன்னேன். சர்ச்சில் சொன்னேன்.
பல் மருத்துவரின் நாற்காலியில்
வாய் நிறையப் பஞ்சோடு சொன்னேன்.
ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை.

பெட்டிகள் ஏலத்தில் போய்விட்டன.
முன்வரிசை இருக்கையை
இண்டியானாக்காரர் ஒருவர் வாங்கிப்போனார்,
வரவேற்பறைக்காம்.
காப்பீட்டுக்காரர்கள் கேட்ட தொகைக்கு
பூங்காவையே இரண்டு முறை வாங்கலாம் என்று பேச்சு.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு,
டுவெய்ன் வருமுன்,
ஏற்றத்தின் ஓரத்துப் படிகளில் ஏறினேன்.
நூற்று நாற்பத்தொன்று. எண்ணினேன்.
கைப்பிடியில் உரிந்த வெள்ளைப் பெயின்ட்,
அதனடியில் பச்சை, அதனடியில் இன்னொரு வெள்ளை.
சங்கிலியில் எண்ணெய் ஈரம்.
யாரோ போன வாரம்கூட விட்டிருக்கிறார்கள்,
இனி ஓடாது என்று தெரிந்தும்.

உச்சியில் கனடா தெரியவில்லை.
தண்ணீர். பிறகும் தண்ணீர்.
பிறகு வானம் தொடங்கிவிடுகிறது.
இந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம்,
குளிர்பானக் கிடங்கின் கூரை,
அதில் எப்போதோ பறந்து விழுந்த
ஒற்றைச் செருப்பு, சிவப்பு.
அப்புறம் எங்கள் வீடு.
சமையலறை விளக்கு எரிந்தது.

அப்படியானால் அத்தனை பேருமா?
எழுபது வருடம், கோடைக்குக் கோடை
இங்கே வந்துபோனவர்கள்
ஒன்று கண்ணை மூடியிருந்தார்கள்,
இல்லையென்றால்
எனக்காகப் பொய் சொன்னார்கள்.

கம்பிவேலிக்கு வெளியே ஒன்பது பேர்.
மடக்கு நாற்காலி, பிளாஸ்க்,
இரவுப் பணி முடிந்து சீருடையோடு ஒரு நர்ஸ்.
இயந்திரக் கையை முதல் தூணில் மாட்டி இழுத்தேன்.
முறியவில்லை. ஆடியது.
ஆடுவதற்கென்றே கட்டியதாம்,
ஆடாவிட்டால்தான் ஆபத்தாம், டுவெய்ன் சொன்னான்.
இங்கே இழுத்தால் எங்கேயோ
ஏரிப் பக்கத்துக் கடைசி வளைவு தலையசைத்தது,
பிரசங்கத்தில் தூங்கி விழித்தவர்
ஆமென் சொல்வதுபோல.

நர்ஸ்தான் முதலில் கத்தினாள்.
அழுகை இல்லை. இரண்டு கையையும் தூக்கி,
சரிவில் இறங்கும்போது கத்தும் அந்தக் கத்தல்.
பிறகு மற்ற எட்டுப் பேரும்.
எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்,
முடிக்கட்டும் என்று.
முடித்ததும்
இரண்டாவது முறை இழுத்தேன்.

சாயங்காலம் வெர்னா என் பூட்ஸைப் பார்த்தாள்.
மரத்தூள், வெள்ளைச் செதில்.
மேலே போனாயா?
போனேன்.
சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே,
திரும்பாமல், கேட்டாள்:
கனடா தெரிந்ததா?

நல்ல வெளிச்சம், என்றேன். தெரிந்தது.

காலையில் இன்னும் நன்றாகத் தெரியும், என்றாள்.
உப்பை எடு.

ஒன்பது நாள் வேலை பாக்கி.