உம் கொட்டுதல்

ரூவியில் இரவு இரண்டே கால்.
ஏசி சொட்டுகிற வாளியைக் காலால் நகர்த்திவிட்டு
நான்காவது முறையாக இழுக்கிறேன்
வியாழக்கிழமையின் லாக் கோப்பை.
ஒன்றே முக்கால் ஜிபி.
எழுபத்தொன்றில் நின்றது, அறுபத்தெட்டில் நின்றது,
எழுபத்து மூன்று வரை வந்து ஆசை காட்டியது.
பிழை என்று ஒரு சொல் இல்லை.
பாதிச் சோற்றில் எழுந்து போகிறவன் மாதிரி
போய்விடுகிறது.

வந்த வரைக்கும் திறந்து பார்த்தேன்.
கடைசி வரி அறுந்திருந்தது.
நேரம் இருந்தது, பக்கத்தின் பெயர் இருந்தது.
இருநூறா, ஐந்நூற்று நான்கா
என்று சொல்லவேண்டிய இடத்தில்
வெள்ளை.

அந்த வெள்ளைக்கு அப்பால்தான் கிடக்கிறது
சொரிமுத்துவின் நூற்று எண்பது ரியால்.
சோஹாரில் வெல்டர்.
அனுப்பியது நாற்பத்தைந்து; பிடித்தது நான்கு முறை.
"ஒரே ஒரு தடவதாம்மா அமுக்குனேன்.
சுத்திக்கிட்டே கெடந்துச்சு, போனக் கவுத்து வச்சிட்டேன்."
மேலாளர் ரெஜி பதிலை எழுதியே வைத்துவிட்டார்:
'வாடிக்கையாளர் பொறுமையின்றிப் பலமுறை அழுத்தியதால்...'
இணைக்க லாக் ஒன்றுதான் பாக்கி.

முதல் நாள், கடவுச்சொல் சரி, வருக என்றது.
கோப்புகளின் பட்டியலைக் கேட்டால் மௌனம்.
வாசலில் சலாம் வைத்த காவலாளி
உள்ளே எல்லாக் கதவையும் பூட்டி வைத்திருந்த கதை.
பாஸிவ் மோடுக்கு மாற்றி,
ஃபயர்வாலில் நூறு போர்ட்டுகள் திறக்கச் சொல்லி
படிவம் நிரப்புவதில் ஒரு பகல் போனது.

மறுநாள் பழைய வாரத்து ஜிப் ஒன்று
முழுசாக இறங்கி, திறக்க மாட்டேன் என்றது.
ஆஸ்கி மோடில் இழுத்திருக்கிறேன், என் புத்தி.
வரி முடிகிறது என்று தனக்குத் தோன்றிய இடமெல்லாம்
கேட்காமலே ஒரு பைட்டைச் செருகி
உதவி செய்திருந்தது மென்பொருள்.
உதவுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்,
பைனரி என்று.

இன்று இது.
பர்கா டேட்டா சென்டரிலிருந்து பத்ர் போனில் சொல்கிறார்:
சதவீதத்தைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பார்.
பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக ஐந்து நிமிடம்.
இணைப்பு இரண்டு, என்கிறார்.
ஒன்று பேச, ஒன்று சரக்கு வர.
சரக்கு வருகிறபோது பேச்சு இணைப்பு சும்மா கிடக்கும்.
ஐந்து நிமிடம் சத்தமில்லை என்றால்
ஃபயர்வால் அதைச் செத்ததாகக் கணக்கு எழுதிவிடும்...
நடுவில் நிறுத்தி,
"இருக்கிறாயா?" என்றார்.

"உம்" என்றேன்.

அவ்வளவுதான் விஷயம்.
கதை சொல்கிறவர் எவ்வளவு சொன்னாலும்
இந்தப் பக்கம் ஒருத்தி உம் கொட்ட வேண்டும்.
நிமிடத்துக்கு ஒரு முறை நூப் அனுப்பு என்று குறித்தேன்.
நூப் என்றால் ஒன்றும் வேண்டாம்,
ஒன்றும் செய்யவும் வேண்டாம்,
சும்மாதான், இருக்கிறேன்.

எழுபத்து மூன்று. எழுபத்து நான்கு.
தொண்ணூறில் எழுந்து நின்றுவிட்டேன்.
நூறு. இரு பக்கத்துப் பைட்டுகளையும்
ஒப்பிட்டேன், இரண்டு முறை.

லாக்கின் கடிகாரம் லண்டன் பக்கத்தது;
நான்கு மணி நேரம் கூட்டித் தேடினால்
இதோ, இரவு பத்து நாற்பத்தொன்று.
முதல் வரி சொரிமுத்துவின் கைபேசி. ஒரே ஒரு வரி.
அடுத்த மூன்றிலும் எங்கள் சொந்த இயந்திரத்தின் முகவரி.
முப்பது நொடி, முப்பது நொடி, முப்பது நொடி.
சங்கிலி பிடித்த விரல் கூட
இத்தனை கணக்காய் அமுக்காது.
வங்கியிலிருந்து உம் வரவில்லை என்று
எங்கள் பெட்டியே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது,
அவர் போனைக் கவிழ்த்து வைத்த பிறகும்.

ரெஜியின் கடிதத்தைத் திறந்தேன்.
'வாடிக்கையாளர்' என்பதை மட்டும் அழித்து
'எங்கள் சர்வர்' என்று அடித்தேன்.
மற்றதெல்லாம்,
பொறுமையின்றி உட்பட,
அப்படியே பொருந்தியது.