பதினேழு

பள்ளத்தின் அகலம் பதினெட்டு அடி.
நான்தான் அப்படி வரைந்தேன்,
செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில்
தானியக் கிடங்கின் எடைச்சீட்டுக்குப் பின்புறம்,
யாரையும் மனதில் வைத்து அல்ல.

ஐலாவின் குள்ளவீரனுக்கு வலிமை பதினேழு.
பத்தடி ஓடிவந்தால்
வலிமை எத்தனையோ அத்தனை அடி
என்கிறது விதி.
பகடை உருட்ட வேண்டாம்.
இரும்புக் கவசம், முதுகில் கோடரி,
பையில் ஒரு வாரத்து உப்புக்கண்டம்,
எல்லாவற்றோடும் பதினேழு.
குற்றுயிராய்க் கிடந்து எழுந்தாலும் பதினேழு.
நாளைக்கும் பதினேழு.
பதினெட்டு மட்டும் ஒருநாளும் இல்லை.

"என்ன கணக்கு இது" என்றாள் ஐலா ஹௌக்கலா.
டுலூத் நகரத்துத் தபால்காரி, நாற்பத்திரண்டு வயது.
வலது முழங்காலில் இரண்டு திருகாணிகள்;
ஏரிக்காற்று திசை மாறினால்
வானிலை அறிக்கைக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.
பள்ளிக்கூடத்துக்காக நீளம் தாண்டியவள்.
ஒரே ஒரு முறை, மே மாத ஈரத்தில்,
பதினெட்டு அடி இரண்டு அங்குலம்.
அதற்கு முந்தின நாள் பதினாறைத் தொடவில்லை.
அடுத்த வாரம் மூன்றுமே ஃபவுல்.
களிமண் பட்டையில் காலணி நுனி
பல் பட்டதுபோலப் பதிந்திருந்ததாம்.

"உடம்புக்கு ஒரே எண் கிடையாது, ஆர்லின்.
உள்ளே ஒரு கூட்டமே இருக்கிறது.
அன்றைக்கு எது வாசலுக்கு வருகிறதோ அதுதான்.
அப்புறம், பத்தடி ஓட்டமா?
எனக்குப் பதினேழு எட்டு வேண்டியிருந்தது."

மாய் யெர் விதிப்புத்தகத்தை மூடாமலே சொன்னாள்:
"விதி புவியீர்ப்பைப் பற்றியது இல்லை.
பதினோரு மணிக்குள் ஆட்டம் முடியவேண்டும்
என்பதைப் பற்றியது."

பிறகு எப்படியோ நாங்கள் வெளியே நின்றோம்,
நிலவறைப் படியேறி,
பின்சந்தில், இறுகிய பனியில்,
தச்சுவேலை அளவுநாடாவோடு.

சாதாரண மனிதனுக்குப் பத்து என்கிறது புத்தகம்.
நான் சாதாரண மனிதன்.
ஆறடி ஒன்பது அங்குலம்.
கோட்டுக்கு மிக அருகில் பட்ட தடத்தைத்தான்
அளக்கவேண்டும் என்றாள் ஐலா;
அது என் பின்புறத்தின் தடம்.
ஐந்தடி.
மாய் யெர் கோட்டைக் கழற்ற மறுத்து
ஏழேகால்.
"கவசம்" என்று விளக்கம் வேறு.

ஐலா தாண்டவில்லை.
கோட்டில் குதிகால் வைத்து
எங்களுக்கு முதுகு காட்டி
எதிர்த்திசையில் ஓடினாள்.
பதினேழாவது எட்டு விழுந்த இடத்தில்,
பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி அருகே,
குதிகாலால் ஒரு கீறல்.
அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.
தெருவிளக்கில் அவள் மூச்சு மட்டும்
போய்ப் போய் வந்தது.

ஓடிவந்தாள்.
முதல் நான்கு எட்டும் தரையைத் திட்டுவதுபோல.
பிறகு பனியின் சத்தம் மாறியது.
அதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது;
அவள் உயரமாகிக்கொண்டே வந்தாள்.
கோடு வந்தது.
அவள் எழும்பவில்லை.
அதன் மேலேயே ஓடிக் கடந்து
சந்து முனையில் மெல்ல நின்றாள்.

"அளவு பார்த்தேன்" என்றாள், அவ்வளவுதான்.

கைவிளக்கை அடித்துப் பார்த்தோம்.
இடது பூட்ஸின் தடம்
கோட்டுக்கு அரை விரல் முன்னால்.
இருபத்துநான்கு வருடம்,
அரை விரல்.

உள்ளே வந்ததும் மூக்குக்கண்ணாடிகள் புகைந்தன.
எனக்கு மனம் கேட்கவில்லை.
"ஓர் அடிதானே, உருட்டு" என்றேன்,
"பதினைந்துக்கு மேல் விழுந்தால் அக்கரை."

பகடையைக் கையில் எடுத்தாள்,
கொஞ்சம் சூடாக்கினாள்,
திரும்ப வைத்தாள்.
"வேண்டாம்.
அவனிடமாவது ஒரே எண் இருக்கட்டும்."

பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே:
"கயிறு ஐம்பது அடி வைத்திருக்கிறேன்.
பள்ளத்தின் அடி எங்கே?"

எடைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
அகலத்தை மட்டும்தான் வரைந்திருந்தேன்.