குறிப்பேட்டில் ஏறாதது

தீயணைப்புக் கூடத்தில் நாற்காலிகள் நாற்பத்தொன்று.
வந்த தலைகள் ஐம்பத்திரண்டு.
இடம் கிடைக்காதவர்கள்
தண்ணீர் வண்டியின் படிகளில் தொற்றிக்கொண்டார்கள்.
மூஸ் மான் வேட்டைச் சங்கத்தின் செயலாளர் நான்,
ரௌனி தொல்வனென்.
யார் என்ன சொன்னாலும்
சொன்ன வரிசையில் எழுத வேண்டும்.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த அமைச்சகத்துப் பெண்
சுவரில் வரைபடத்தை விரித்தாள்.
ஹுக்கவாரா முழுக்க ஒரே பச்சை.
பச்சைக்குள் ஒரு கூடாரக் குறி, ஒரு கழிப்பறைக் குறி.
நாய் திரும்பாத ஓடை இல்லை.
எய்லா குறி தப்பிய மேடு இல்லை.
வெண்ணெய்க்கல் இல்லை.
வாக்கி டாக்கியில் நாங்கள் கூப்பிடும் பேர் எதுவும் இல்லை.
"தேசியப் பூங்கா" என்றாள்.
"ஊஞ்சல் எந்தப் பக்கம் வருது?"
பின்னாலிருந்து ஒரு குரல்.
கூடமே சிரித்தது.
எழுதினேன். பிறகு அடித்தேன்.

தௌனோ எழுந்தார்.
ஆணி அறைகிற மாதிரிப் பேசுவார்,
இரண்டு அடி, ஒரு ஓய்வு.
"முப்பது வருஷம் அந்தக் காட்டில் மூஸ் எண்ணியிருக்கோம்.
சம்பளம் இல்லாமல்.
உங்க படத்தில் இருக்கிற எண் எங்க எண்."
அவள் மறுக்கவில்லை. ஆமாம் என்றாள்.
அதன் கீழ் கோடு போட்டேன்.

அப்புறம் ஆளாளுக்கு.
நாயை அவிழ்க்கக் கூடாதாமே.
எங்களுக்குச் சட்டம், ஓநாய்க்கு யார் வாசித்துக் காட்டுவது.
உறைப்பெட்டி காலியானால்
நகரத்துக்காரன் வந்து நிரப்புவானா.
"பெருகினால் அதுகள் சாலைக்குத்தான் வரும்"
என்றாள் லெம்பி.
அவள் மகனின் கார் எல்லோருக்கும் நினைவிருந்தது.
கொஞ்ச நேரம்
விளக்குக் குழாயின் ரீங்காரம் மட்டும்.

இடைவேளை.
காபி, ஏலக்காய் ரொட்டி.
எங்கள் சங்கக் கணக்கில்
ரொட்டிக்குக் காசு இருந்ததே இல்லை,
எனக்குத் தெரியாதா.
பெட்டியைத் திருப்பினேன்.
நிக்கல் சுரங்கக் கம்பெனியின் முத்திரை.
பூங்கா வந்தால் ஹுக்கவாராவில் அவர்கள் தோண்ட முடியாது.
நீலச் சட்டைப் பையன் ஒருவன்
ஒவ்வொருவருக்கும் கோப்பை நீட்டினான்.
கையில் ஒரு காய்ப்பு இல்லை.
"நாங்களும் உங்க பக்கம்தான்" என்றான்.
தௌனோ வாயிலிருந்ததை விழுங்கினார்.
மிச்சத்தை, பல் பதிந்தபடியே,
தட்டில் திருப்பி வைத்தார்.

வாக்கெடுப்பு.
பூங்கா வேண்டாம்: நாற்பத்தாறு.
வேண்டும்: மூன்று.
வேண்டாம் என்றதில் என் கையும் ஒன்று.
அதற்குக் காரணம் சொல்லச் சொன்னால்
போன அக்டோபரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

வெண்ணெய்க்கல்லருகே, விடிந்தும் விடியாமலும்,
ஒரு பெட்டை மூஸ். பின்னால் கன்று.
காற்று என் பக்கம். தூரம் அறுபது அடி.
விரல் விசையில்.
கன்று உறைந்த குட்டையைக் குளம்பால் தட்டிப் பார்த்தது,
கதவைத் தட்டுகிற மாதிரி.
வாக்கி டாக்கி கேட்டது: ஏதாவது வந்ததா?
ஒன்றும் வரவில்லை என்றேன்.
அந்தப் பொய் என்னுடையது.
அந்தக் காலை என்னுடையது.
பூங்கா வந்துவிட்டால்
சுடாமல் விடுவதும் என்னுடையதாக இருக்காது,
பலகையில் எழுதியிருக்கும்.
இதை அந்தக் கூடத்தில் யாரிடம் சொல்வது.
அமைச்சகத்துப் பெண்ணுக்குப் புரியாது.
தௌனோவுக்குப் புரிந்துவிடும்,
அது இன்னும் மோசம்.

இரவு சமையலறையில் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தேன்.
ஒன்று: ஹுக்கவாரா தேசியப் பூங்கா ஆவதை
இச்சங்கம் எதிர்க்கிறது.
ஸ்டவ்வில் விறகு ஒன்று சரிந்தது.
இரண்டு: அங்கே சுரங்கம் வருவதையும்
இச்சங்கம் எதிர்க்கிறது.

காலையில் தௌனோ டிராக்டரை அணைக்காமலே
வாசலில் நின்று படித்தார்.
இரண்டாவது வரியில் கட்டைவிரல் நின்றது.
"இதை எப்ப முடிவு பண்ணினோம்?"
"ரொட்டி தின்னும்போது."
பேனாவைக் கேட்டார்.
குளிரில் மை இறங்கவில்லை.
வாயருகே கொண்டுபோய் ஊதி ஊதி
கையெழுத்துப் போட்டார்.